சமமற்ற இரு நாடுகளின் சரக்கு வணிகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வளமான பெரிய நாடும் வருவாய் குறைந்த சிறிய நாடும் தமக்குள் நடத்தும் சரக்கு வணிகத்தைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி (கல்லூரி மாணவர்): ஐயா, 2024-ஆம் ஆண்டில் அமெரிக்கா ஆப்பிரிக்க நாடான லெசோத்தோவிலிருந்து சுமார் 23.7 கோடி டாலர் மதிப்புள்ள சரக்குகளை வாங்கியது என்றும், லெசோத்தோ அமெரிக்காவிடம் வாங்கியது வெறும் 28 லட்சம் டாலருக்குத்தான் என்றும் படித்தேன். ஒரு டாலருக்கு விற்றுவிட்டு எண்பத்தைந்து டாலருக்கு வாங்கும் வணிகம் எப்படி நியாயமானதாகும்? லெசோத்தோ ஏதோ தடை வைத்து அமெரிக்கப் பொருள்களை உள்ளே விடாமல் இருக்கிறது என்றுதானே கொள்ள வேண்டும்?

பதில்: தொகைகள் சரியானவை. அவற்றிலிருந்து நீங்கள் எடுத்த முடிவை ஏற்க இயலவில்லை. ஏறக்குறைய இதே முடிவை அமெரிக்க அரசும் எடுத்தது என்பதால் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 ஏப்ரலில் அந்த அரசு நாடுவாரியாக அறிவித்த கூடுதல் சுங்கத் தீர்வைக்கு அடிப்படையாக இருந்தது மிக எளிய ஒரு கணக்கு: ஒரு நாட்டுடனான சரக்கு வணிகப் பற்றாக்குறையை, அதாவது அதனிடம் வாங்கியது அதற்கு விற்றதைவிட எவ்வளவு கூடுதல் என்ற தொகையை, அந்நாட்டிலிருந்து வரும் இறக்குமதியால் வகுத்து, கிடைக்கும் விகிதத்தில் பாதியைத் தீர்வையாக வைத்தார்கள். லெசோத்தோவுக்கு இந்த விகிதம் கிட்டத்தட்ட 99 விழுக்காடு. அதில் பாதி, அதாவது 50 விழுக்காடு, அந்த நாட்டின் சரக்குகள் மீது அறிவிக்கப்பட்டது. அன்று அறிவிக்கப்பட்டவற்றுள் அதுவே மிக உயர்ந்த விகிதம். லெசோத்தோ அமெரிக்கப் பொருள்களுக்கு உண்மையில் என்ன தீர்வை விதிக்கிறது என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. சில நாள்களில் அந்தத் தீர்வை நிறுத்திவைக்கப்பட்டு, ஆகஸ்டில் 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பறிபோகத் தொடங்கிவிட்டது.

இப்போது அதே தொகைகளை வேறு விதமாக வகுத்துப் பாருங்கள். அமெரிக்காவின் மக்கள்தொகை சுமார் 34 கோடி. லெசோத்தோவினுடையது சுமார் 23 லட்சம். அப்படியானால் ஓர் அமெரிக்கர் ஆண்டு முழுவதும் லெசோத்தோவின் சரக்கை வாங்கச் செலவிட்டது ஏறத்தாழ 70 சென்ட். லெசோத்தோவில் உள்ள ஒருவர் அமெரிக்கச் சரக்குக்குச் செலவிட்டது 1 டாலர் 20 சென்ட். வருவாயோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு இன்னும் பெரிது: அமெரிக்கப் பொருளாதாரத்தின் ஆண்டு மதிப்பு சுமார் 29 லட்சம் கோடி டாலர், லெசோத்தோவினுடையது 200 கோடி டாலரைச் சற்றே தாண்டும். தன் வருவாயில் பெரிய பங்கை மற்றவர் சரக்குக்குக் கொடுக்கும் நாடு எதுவென்று கேட்டால், ஐயத்துக்கே இடமின்றி அது ஏழை நாடுதான். ஆள்கணக்கிலும் வருவாய்க் கணக்கிலும் இவ்வளவு வேறுபட்ட இரு நாடுகள் ஒன்றுக்கொன்று சமமான தொகைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது, ஏழையிடம் அவர் வருவாய்க்கு மீறிய செலவை எதிர்பார்ப்பதாகும்.

சரக்குகளின் தன்மையையும் பார்க்க வேண்டும். லெசோத்தோ அனுப்புவது பெரும்பாலும் ஜீன்ஸ் போன்ற ஆயத்த ஆடைகளும் வைரங்களும். அமெரிக்கா உலகுக்கு விற்பது விமானங்கள், கனரக இயந்திரங்கள், எண்ணெய், எரிவாயு, மருந்துகள், மின்னணுப் பொருள்கள். நாளுக்குச் சில டாலர்களில் வாழும் மக்கள் நிறைந்த ஒரு மலைநாடு இவற்றில் எதைப் பெருமளவில் வாங்க முடியும்?

கணக்கில் மறைந்து நிற்கும் மூன்றாவது நாடு ஒன்றும் உண்டு. லெசோத்தோவின் எல்லை முழுவதும் தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்டது. அந்நாடு தனக்கு வேண்டியவற்றுள் பெரும்பகுதியைத் தென்னாப்பிரிக்கச் சந்தையிலிருந்தே வாங்குகிறது. ஓர் அமெரிக்க இயந்திரம் தென்னாப்பிரிக்க வணிகர் வழியாக வந்தால் அது அமெரிக்கா தென்னாப்பிரிக்காவுக்கு விற்றதாகவே பதிவாக வாய்ப்புண்டு. தவிர, 1910-இல் உருவான தெற்கு ஆப்பிரிக்கச் சுங்க ஒன்றியத்தில் லெசோத்தோ ஓர் உறுப்பினர்; ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் சரக்குகளுக்குப் பொதுத் தீர்வை ஒன்றே உண்டு. தடை வைத்துத் தடுக்க அந்நாடு நினைத்தாலும் தனியாகத் தீர்வையை மாற்றும் உரிமை அதன் கையில் இல்லை.

கேள்வி (வங்கி ஊழியர்): அப்படியென்றால் வணிகப் பற்றாக்குறையைப் பற்றி ஒரு நாடு கவலைப்படவே தேவையில்லையா?

பதில்: ஒரு நாட்டுக்கு உலகம் முழுவதோடும் சேர்த்து உள்ள பற்றாக்குறை கவனிக்கத்தக்கது. நாடு உற்பத்தி செய்வதைவிட அதிகமாக முதலீடும் நுகர்வும் செய்கிறது, வித்தியாசத்தை வெளியிலிருந்து கடனாகவோ முதலீடாகவோ பெறுகிறது என்பதை அது காட்டும். ஒரே ஒரு நாட்டுடன் உள்ள பற்றாக்குறைக்கு அத்தகைய பொருள் கிடையாது. மேலே சொன்ன எடுத்துக்காட்டிலேயே, லெசோத்தோ ஆடை விற்று ஈட்டும் டாலர் தென்னாப்பிரிக்காவில் உணவுக்கும் எரிபொருளுக்கும் செலவாகிறது. தென்னாப்பிரிக்கா அமெரிக்காவிடம் இயந்திரம் வாங்குகிறது. வட்டமாகச் சுழலும் பணத்தின் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அதில் வரவும் செலவும் ஏன் சமமாகவில்லை என்று கேட்பதில் பயனில்லை. நீங்கள் பார்க்கும் பட்டியல் பெரும்பாலும் சரக்குகளை மட்டும் காட்டுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். மென்பொருள், காப்பீடு, கல்வி, சுற்றுலா, காப்புரிமைக் கட்டணம் ஆகியவை சேவைக் கணக்கில் வருபவை. செல்வந்த நாடுகளின் வலிமை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி (பள்ளி ஆசிரியை): ஒவ்வொரு நாடும் தனக்கு ஒப்பீட்டளவில் எளிதாக வருவதைச் செய்து, மற்றதை வாங்கிக்கொண்டால் இருவருக்கும் நன்மை என்று மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். அது உண்மையானால், நூற்றாண்டுக்கணக்கில் வணிகம் செய்தும் சில நாடுகள் ஏன் ஏழையாகவே இருக்கின்றன?

பதில்: நீங்கள் கற்பிக்கும் பாடம் பிழையானதன்று. 1817-இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ தந்த எடுத்துக்காட்டில், குறிப்பிட்ட அளவு துணியை ஓர் ஆண்டில் நெய்ய இங்கிலாந்துக்கு 100 பேரும் போர்த்துக்கல்லுக்கு 90 பேரும் தேவை. குறிப்பிட்ட அளவு திராட்சை மதுவுக்கு முறையே 120 பேரும் 80 பேரும் தேவை. இரண்டிலுமே போர்த்துக்கல்தான் திறமையான நாடு. ஆயினும் இங்கிலாந்து துணியைக் கொடுத்து மதுவைப் பெற்றால் 20 பேரின் உழைப்பு மிச்சமாகிறது. போர்த்துக்கல்லுக்கு 10 பேரின் உழைப்பு மிச்சமாகிறது. எல்லாவற்றிலும் பின்தங்கிய நாடும் வணிகத்தால் பயன்பெற முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டியவர் இல்லை.

ஆனால் இந்தக் கணக்கு ஒரே ஓர் ஆண்டின் நிலவரம். அந்த ஆண்டுக்குப் பிறகு துணி நெய்யும் நாட்டில் என்ன நடக்கும், மது வடிக்கும் நாட்டில் என்ன நடக்கும் என்பதை அது சொல்லவில்லை. எடுத்துக்காட்டில் வரும் இரு நாடுகளின் வரலாறே இதற்குச் சான்று. 1703-ஆம் ஆண்டின் மெத்துவென் உடன்படிக்கையின்படி போர்த்துக்கல் ஆங்கிலேயக் கம்பளித் துணிகளுக்குத் தன் சந்தையைத் திறந்தது. பதிலுக்கு, பிரெஞ்சு மதுவுக்கு விதிப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான தீர்வையோடு போர்த்துக்கீசிய மதுவை இங்கிலாந்து அனுமதித்தது. இங்கிலாந்தின் துணித்தொழில் நீராவி, எந்திரம், வேதியியல் என்று ஒன்றைத் தொட்டு ஒன்றாக வளர்ந்தது. போர்த்துக்கல்லின் பற்றாக்குறையை நெடுங்காலம் ஈடுகட்டியது பிரேசிலிலிருந்து வந்த தங்கம். இதற்கு உடன்படிக்கையே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வரலாற்றறிஞர்கள் இன்றும் அதைப் பற்றி வாதிடுகிறார்கள். எந்தத் தொழிலில் ஈடுபடுகிறோமோ அந்தத் தொழில் நமக்கு என்ன கற்றுத்தருகிறது என்பது இன்றைய விலையைப் போலவே முக்கியமானது என்பதை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

1950-இல் பொருளியலாளர்களான ரவுல் பிரெபிஷும் ஹான்ஸ் சிங்கரும் தனித்தனியே மற்றொரு வாதத்தை முன்வைத்தார்கள். ஆலைப் பொருள்களோடு ஒப்பிடும்போது வேளாண் பொருள்கள், கனிமங்கள் போன்ற மூலப்பொருள்களின் விலை காலப்போக்கில் சரிந்துகொண்டே வருகிறது. எனவே அதே இயந்திரத்தை வாங்க முன்பைவிட அதிக மூட்டைகளை விற்க வேண்டியிருக்கும் என்பது அவர்கள் கருத்து. நீண்டகாலப் போக்கு எல்லாப் பொருள்களுக்கும் இப்படியே அமைந்தது என்று சொல்ல முடியாது. விலை ஏறி இறங்கும் வேகமே பெரிய துன்பம் என்று நான் கருதுகிறேன். 1964-இல் விடுதலை பெற்ற சாம்பியாவின் ஏற்றுமதி வருவாய் ஏறத்தாழ முழுவதும் தாமிரத்திலிருந்து வந்தது. 1975-இல் தாமிர விலை விழுந்தபோது, நல்ல ஆண்டுகளை நம்பித் தொடங்கிய பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பணம் இல்லாமல் போயிற்று, கடன் பெருகியது. நூறு பொருள்களை விற்கும் நாட்டுக்கு ஒன்றின் விலை விழுந்தால் அது செய்தி. ஒரே பொருளை விற்கும் நாட்டில் அதே வீழ்ச்சி ஒரு தலைமுறையின் வாழ்வைக் குலைத்துவிடும். மாணவர்களுக்கு ரிக்கார்டோவைக் கற்பிக்கும் அதே வாரத்தில் சாம்பியாவையும் கற்பியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (சிறுதொழில் நடத்துபவர்): காப்பிக்கொட்டையை விற்கும் நாடு அதை வறுத்துப் பொடியாக்கியே விற்கலாமே? கோகோவை விற்கும் நாடு சாக்லேட்டையே செய்யலாமே? அவர்களைத் தடுப்பது எது?

பதில்: மற்றவர்கள் வழக்கமாகச் சுட்டும் காரணத்தை முதலில் சொல்கிறேன். பல செல்வந்த நாடுகளின் சுங்க அட்டவணையில், பொருள் எவ்வளவு பதப்படுத்தப்பட்டிருக்கிறதோ அவ்வளவுக்குத் தீர்வை உயர்ந்துகொண்டே போகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது அட்டவணைப்படி வறுக்காத சாதாரணக் காப்பிக்கொட்டைக்குத் தீர்வை இல்லை, வறுத்ததற்கு 7.5 விழுக்காடு. கோகோ விதைக்குத் தீர்வை இல்லை. அரைத்த கோகோ விழுதுக்கு 9.6 விழுக்காடு. பார்வைக்குச் சிறிய விகிதங்கள். ஆனால் இவை பொருளின் முழு விலை மீது விழுகின்றன. வறுப்பவர் தம் வேலையால் கூட்டுவதோ அந்த விலையின் ஒரு பகுதிதான். கூட்டிய பகுதியோடு ஒப்பிட்டால் 7.5 என்பது 20, 30 என்று வளர்ந்துவிடக்கூடும்.

எனினும், இதை மட்டுமே காரணமாகச் சொல்பவர்களோடு என்னால் முழுவதும் உடன்பட முடியவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் உள்ள எத்தியோப்பியா, உகாண்டா போன்றவற்றுக்கு 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஆயுதங்களைத் தவிர ஏனைய எல்லாச் சரக்குகளுக்கும் தீர்வையில்லா அனுமதி தந்திருக்கிறது. வறுத்த காப்பிக்கும் அது பொருந்தும். இருந்தும் அவை பெரும்பாலும் பச்சைக் கொட்டையையே அனுப்புகின்றன. பச்சைக் கொட்டை மாதக்கணக்கில் கெடாது. வறுத்ததோ சில வாரங்களில் மணம் இழக்கத் தொடங்கும், கப்பல் பயணமே அந்த வாரங்களை விழுங்கிவிடும். பெரிய காப்பி நிறுவனங்கள் பல நாட்டுக் கொட்டைகளைக் கலந்தே தம் சுவையை நிலைநிறுத்துகின்றன. ஒரே நாட்டில் வறுப்பவருக்கு அந்தக் கலவை எளிதில் கைவராது. இவற்றுக்கு மேலாக, தொலைதூரக் கடைகளில் பெயரை நிலைநாட்டும் விளம்பரச் செலவு இருக்கிறது. அதைத் தாங்கும் மூலதனம் அங்கே கிடைப்பதில்லை, கிடைத்தாலும் வட்டி மிக அதிகம்.

கோகோவின் கதை இதைவிட நம்பிக்கை தருகிறது. விழுதும் வெண்ணெயும் தூளும் நெடுந்தூரம் போகக்கூடியவை. ஆகையால் ஐவரி கோஸ்ட் நெதர்லாந்தோடு போட்டியிடும் அளவுக்கு உலகின் முன்னணிக் கோகோ அரைப்பு நாடாக வளர்ந்திருக்கிறது. சாக்லேட்டு வரை போவது கடினம். அதற்குப் பாலும் சர்க்கரையும் குளிர்பதனமும் வேண்டும்.

வலிந்து தொழிலை வரவழைக்க முயன்ற நாடுகளும் உண்டு. இந்தோனேசியா 2020 ஜனவரியில் நிக்கல் தாது ஏற்றுமதியை அடியோடு தடைசெய்தது. தாது வேண்டுமென்றால் இங்கே வந்து உருக்குங்கள் என்பதே அதன் நிலை. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. 2022 நவம்பரில் தீர்ப்பு இந்தோனேசியாவுக்கு எதிராக வந்தது. அந்நாடு மேல்முறையீடு செய்தது. உருக்காலைகள் பெருகின, பெரும்பாலும் சீன முதலீட்டில். ஏற்றுமதி மதிப்பு உயர்ந்தது, அதோடு நிலக்கரிப் புகையும் காட்டழிவும் வந்தன. உலக நிக்கலில் மிகப் பெரிய பங்கைத் தன்னிடம் வைத்திருக்கும் நாட்டால்தான் இப்படி நிபந்தனை போட முடியும். சிறிய பங்கை உடைய நாடு இதைப் பார்த்துத் தடைவிதித்தால் வாங்குபவர் அடுத்த நாட்டுக்குப் போய்விடுவார். போட்ஸ்வானா தேர்ந்த வழியை நான் அதிகம் மதிக்கிறேன். வைரச் சுரங்க உரிமத்தைப் புதுப்பிக்கும் பேச்சுவார்த்தையில் உறுதியாக நின்று, லண்டனில் நடந்துவந்த டி பியர்ஸ் நிறுவனத்தின் பட்டைதீட்டாத வைர விற்பனையை 2013-இல் தன் தலைநகர் காபரோனுக்கே கொண்டுவந்தது. அந்த வெற்றியும் வைரம் என்ற ஒரே பொருளைச் சார்ந்திருக்கும் ஆபத்தை நீக்கிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி (ஆய்வு மாணவி): ஒரே ஆண்டுக்கு, ஒரே சரக்குக்கு, விற்ற நாடு ஒரு தொகையும் வாங்கிய நாடு வேறு தொகையும் வெளியிடுகின்றன. எதை நம்புவது?

பதில்: பெரும்பாலான நாடுகள் ஏற்றுமதியைத் துறைமுகத்தில் கப்பலேற்றும் விலையிலும், இறக்குமதியைக் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்த விலையிலும் பதிவுசெய்கின்றன. ஆகவே வாங்கியவர் கணக்கு சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பு. கடற்கரையில்லா நாட்டின் சரக்கில் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகும். டிசம்பரில் கப்பலேறி ஜனவரியில் இறங்கிய சரக்கு இரு வேறு ஆண்டுகளில் பதிவாகும்.

இவற்றைவிடப் பெரிய குழப்பம், சரக்கு போகும் இடம் ஒன்றாகவும் பணம் போகும் இடம் மற்றொன்றாகவும் இருப்பது. சாம்பியாவின் புள்ளிவிவரத்தில் சுவிட்சர்லாந்து மிகப் பெரிய வாடிக்கையாளராகத் தோன்றும். அந்தத் தாமிரம் ஆல்ப்ஸ் மலையைப் பார்ப்பதே இல்லை. வாங்கி விற்கும் வணிக நிறுவனங்கள் அங்கே பதிவாகியிருப்பதுதான் காரணம். விலையைக் குறைத்தோ கூட்டியோ காட்டி வரியிலிருந்து தப்பும் நடைமுறையும் உண்டு. ஏழை நாடுகளின் கருவூலம் இதனால் இழப்பது சிறிய தொகையன்று. ஆகவே முதலில் இரு நாட்டுக் கணக்குகளையும் அருகருகே வைத்து வேறுபாட்டின் காரணத்தைத் தேடுங்கள். 1988 முதல் நடைமுறையில் உள்ள ஆறிலக்கச் சுங்கக் குறியீடு உலகெங்கும் பொதுவானது. பின்னலாடைகள் 61-ஆம் அத்தியாயத்திலும், ஏனைய ஆடைகள் 62-ஆம் அத்தியாயத்திலும், வைரமும் பொன்னும் 71-ஆம் அத்தியாயத்திலும் வரும். ஐக்கிய நாடுகளின் காம்டிரேட் தரவுத்தளத்தில் குறியீட்டைக் கொண்டு இரு பக்கக் கணக்கையும் எடுக்கலாம்.

மொத்த மதிப்பை மட்டும் பார்ப்பதால் வரும் மயக்கத்துக்கு 2010-இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட கணக்கைப் படியுங்கள். சீனாவில் பொருத்தி அனுப்பப்பட்ட ஒரு ஐபோனின் தொழிற்சாலைச் செலவு 178.96 டாலர், அதில் சீனாவில் நடந்த பொருத்தும் வேலையின் மதிப்பு 6.50 டாலர். சுங்கக் கணக்கிலோ முழுத் தொகையும் சீனாவின் ஏற்றுமதி.

கேள்வி (ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பணிபுரிபவர்): பெரிய நாடு தரும் தீர்வைச் சலுகையை ஏற்பது சிறிய நாட்டுக்கு நல்லதா, இரு பக்கமும் கடமைகள் கொண்ட ஒப்பந்தம் செய்துகொள்வது நல்லதா?

பதில்: சலுகையின் பயன் அதனோடு வரும் விதிகளைப் பொறுத்தது. அமெரிக்கா 2000-இல் இயற்றிய ஆப்பிரிக்க வளர்ச்சி, வாய்ப்புச் சட்டத்தில், வருவாய் குறைந்த நாடுகள் எந்த நாட்டுத் துணியைக் கொண்டும் ஆடை தைத்துத் தீர்வையின்றி அனுப்பலாம் என்ற விதி இருந்தது. தனக்கென நூற்பாலைகள் அதிகம் இல்லாத லெசோத்தோவில் ஆடைத்தொழில் பெருகியதற்கு அந்த ஒற்றை விதியே பெருங்காரணம். பல்லாயிரம் பேர், பெரும்பாலும் பெண்கள், அதனால் வேலை பெற்றார்கள். அதற்கு மாறாக, ஐரோப்பிய ஒன்றியம் நெடுங்காலம் துணி நெய்வதும் ஆடை தைப்பதும் சலுகை பெறும் நாட்டிலேயே நடக்க வேண்டும் என்று கேட்டது. 2011 ஜனவரி முதல் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்குத் தைப்பது மட்டுமே போதும் என்று விதி தளர்ந்ததும், வங்காளதேசத்தின் நெய்த துணி ஆடைகளுக்கு ஐரோப்பியச் சந்தை முன்பைவிட அகலத் திறந்தது. தீர்வை விகிதத்தைப் பற்றியே பேசும் நாம், ஒரு சரக்கு எந்த நாட்டில் உருவானதாகக் கருதப்படும் என்பதை முடிவுசெய்யும் இந்த மூல விதிகளைப் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

சலுகையின் குறை அது கொடுப்பவரின் விருப்பத்தில் நிற்பது. கொடுக்கும் நாட்டின் சட்டமன்றம் புதுப்பிக்கத் தாமதித்தால் அடுத்த பருவத்துக்கான ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும். எல்லார்க்கும் பொதுவான மாற்றங்களாலும் அதன் மதிப்பு கரையும்: 2005 ஜனவரி 1-இல் ஒவ்வொரு நாடும் எவ்வளவு அனுப்பலாம் என்று வரம்பிட்ட உலக ஆடை வணிகத்தின் ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்ததும், அந்த ஒதுக்கீட்டை நம்பி வந்திருந்த முதலாளிகள் சிலர் ஆலைகளை மூடிக்கொண்டு வெளியேறினார்கள். ஒப்பந்தத்தில் இந்த நிலையாமை குறைவு. ஆனால் சிறிய நாடும் தன் சந்தையைத் திறந்தாக வேண்டும். அரசின் வருவாயில் சுங்க வரிக்குப் பெரும் பங்கு உள்ள நாட்டில் அந்த இழப்பை ஈடுசெய்ய வேறு வரி அமைப்பு உருவாகப் பல ஆண்டுகள் ஆகும்.

ஆகவே ஒப்பந்தத்தையே தேர்வதானால், சிறிய நாடு மூன்றைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது என் கருத்து: தன் பக்கத் தீர்வையைப் படிப்படியாகக் குறைக்கப் பத்து, பதினைந்து ஆண்டுக் கால அவகாசம், தன் ஆலைகளால் நிறைவேற்றக்கூடிய மூல விதிகள், சலுகையோ ஒப்பந்தமோ முடிவடையும்போது திடீரென்று வாசல் மூடப்படாமல் இருக்க ஓர் இடைக்காலம். கடைசியாகச் சொன்னதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து ஒரு நாடு முன்னேறி வெளியேறினாலும், ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் பின் மூன்று ஆண்டுகள் பழைய தீர்வையில்லா அனுமதியைத் தொடர்கிறது. ஆலைகள் புதிய விலைக்கும் புதிய சந்தைக்கும் தம்மைத் தயார்செய்துகொள்ள அந்த மூன்று ஆண்டுகள் உதவும்.